காவிரி நாட்டு இசை வரலாறு – 14: தட்டில் ஏறிய தோடி

சென்ற அத்தியாயத்தில் மன்னார்குடிச் சின்னப் பக்கிரிப் பிள்ளையின் காலத்து நாகஸ்வர வித்வான்களைப் பற்றி எழுதியபோது, அவர்களுடைய வாசிப்பின் தன்மையைப் பெரும்பாலும் கேட்டவர்களின் வாய்மொழியைக் கொண்டே ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருவர் கல்யாணியை மூன்று ஜாமம் வாசித்தார் என்பார்கள். இன்னொருவரின் பிருகாவைக் கேட்டு ஊரே திகைத்து நின்றது என்பார்கள். ஆனால் அந்தக் கல்யாணி எப்படிப்பட்டது, அந்தப் பிருகா எங்கே தொடங்கி எங்கே விழுந்தது என்று கேட்டால் பதில் சொல்லுவாரில்லை. காற்றில் பிறந்த சங்கீதம் காற்றிலேயே கரைந்துபோயிற்று. காவிரி நாட்டு நாகஸ்வரத்தின் சரித்திரத்தில், ஊகத்தை விட்டுவிட்டு நம் சொந்தச் செவியையே சாட்சியாகக் கொள்ளக்கூடிய ஒரு கட்டம் வருகிறது. அந்தக் கட்டத்தின் நாயகர் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை, அதற்குக் கருவியாக அமைந்தது கறுப்பு நிறமுள்ள, கீழே விழுந்தால் நொறுங்கிப்போகிற, ஒரு பக்கத்தில் மூன்றே கால் நிமிஷ சங்கீதத்தை மாத்திரம் தாங்கக்கூடிய கிராமபோன் தட்டு.

ராஜரத்தினம் பிள்ளை 1898-ஆம் வருஷம் ஆகஸ்டு 27-ஆம் தேதி திருமருகலில் பிறந்தார். தந்தையார் குப்புசாமிப் பிள்ளை, தாயார் கோவிந்தம்மாள். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்த அவரை, தாய்மாமனும் திருவாவடுதுறை ஆதீனத்தின் நாகஸ்வர வித்வானுமாகிய திருமருகல் நடேச பிள்ளை ஸ்வீகாரமாக எடுத்து வளர்த்தார். மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையே, ஆடுதுறையை அடுத்துள்ள திருவாவடுதுறை, தமிழும் சைவமும் சங்கீதமும் ஒரே நிழலில் வளர்ந்த ஊர். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ. வே. சாமிநாதையர் பாடம் கேட்டதும் அந்த மடத்தின் ஆதரவில்தான் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அங்கே வளர்ந்த பாலகனுக்கு முதலில் வாய்த்தது நாகஸ்வரமன்று, வாய்ப்பாட்டு. திருக்கோடிக்காவல் கிருஷ்ணையரிடம் சங்கீதம் கற்றுக்கொண்டு, பிறகே அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாகஸ்வரம் பயின்றார். இந்த வரிசையை நான் முக்கியமாகக் கருதுகிறேன். துளைகளின் மீது விரல் வைப்பதற்கு முன்பே குரலில் ராகத்தை நினைக்கப் பழகியவர் அவர். பிற்காலத்தில் அவருடைய குழலில் கேட்ட அந்தப் பேச்சுத் தன்மை, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக் குதிக்காமல் வழுக்கிச் செல்லும் அந்த நயம், இந்த ஆரம்பத்தின் பலன் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அவர் வளர்ந்த காலத்தில் நாகஸ்வரத்துக்கு இருந்த ஸ்தானம் எது என்று கேட்டால், இரண்டு விதமாகப் பதில் சொல்ல வேண்டும். ஒரு விதத்தில் அதற்கு மேலான வாத்தியம் கிடையாது. ஸ்வாமி புறப்பாட்டுக்கு மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி, உதயத்தில் பூபாளம் என்று கோயிலின் ஒவ்வொரு நாழிகைக்கும் அதுவே குரலாக இருந்தது. பிரம்மோத்ஸவ காலங்களில் மாலையில் புறப்படும் ஸ்வாமி நான்கு வீதிகளையும் சுற்றி நிலைக்கு வந்து சேர விடியற்காலை ஆகிவிடும். சந்திக்குச் சந்தி வாகனத்தை நிறுத்தி, தீவட்டி வெளிச்சத்தில், ஒரே ராகத்தை இரண்டு மணி, மூன்று மணி நேரம் விஸ்தாரம் செய்வதும், அதன்பின் ரக்தி என்ற அந்த நாகஸ்வரத்துக்கே உரிய உருப்படியை எடுத்துத் தவிலோடு வாதாடுவதும் காவிரி நாட்டில் சாதாரண நடைமுறை. குறுவை அறுவடை முடிந்து, தாளடி நடவும் ஆனபின், சேறு காயாத காலோடு வந்து வீதியோரத்தில் உட்கார்ந்து விடிய விடியக் கேட்ட ஜனங்கள்தான் அந்த வித்வான்களின் சபை. அவர்களுக்குச் சாஸ்திரம் தெரியாவிட்டாலும், எந்தப் பிடி பழையது, எந்தப் பிடி இன்றைக்குப் பிறந்தது என்பது தெரிந்திருந்தது.

மற்றொரு விதத்தில் பார்த்தால், அதே வித்வான் அதே வீதியில் நின்றுகொண்டே வாசிக்க வேண்டியிருந்தது. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். தனவந்தர் வீட்டுக் கல்யாணத்தில் வாய்ப்பாட்டு வித்வானுக்கு மேடையும் ஜமக்காளமும் கிடைக்கும்போது, மேளக்காரருக்குக் கிடைப்பது பந்தலின் ஒரு மூலை. சங்கீத ஞானத்தில் எவருக்கும் தாழாத இசை வேளாளக் குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக இந்த அவமரியாதையைச் சகித்துக்கொண்டே ராகங்களைக் காப்பாற்றி வந்தார்கள். ராஜரத்தினம் பிள்ளை சகித்துக்கொள்ளவில்லை. குடுமியை எடுத்துக் கிராப் வைத்துக்கொண்டார். கோட்டும் ஷெர்வாணியும் அணிந்தார். காதில் வைரக் கடுக்கன் மின்ன, மேடையில் அமர்ந்து, மற்றக் கச்சேரி வித்வான்களுக்குச் சமமான மரியாதையைக் கேட்டுப் பெற்றார். அவருடைய முன்கோபத்தைப் பற்றியும், ஒப்புக்கொண்ட இடத்துக்கு வராமற்போனதைப் பற்றியும், செலவாளித்தனத்தைப் பற்றியும் கதைகள் அநேகம் வழங்குகின்றன. அவற்றை இங்கே அடுக்க நான் விரும்பவில்லை. ஒரு ஜாதியாரின் நூற்றாண்டுக் குனிவை ஒரே ஆயுளில் நிமிர்த்த முயன்ற மனிதரின் முதுகெலும்பு சற்று அதிகமாகவே விறைத்திருந்தது என்று மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

அவர் நிமிர்த்தியது தம்மை மாத்திரமன்று, வாத்தியத்தையும் மாற்றினார். முன்பு வழங்கிய திமிரி நாயனம் குட்டையானது, நாலு கட்டைக்கு மேல் ஒலிப்பது. வீதியின் ஒரு கோடியில் வாசித்தால் மறுகோடிக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக அமைந்த சுருதி அது. ராஜரத்தினம் பிள்ளை நரசிங்கம்பேட்டையில் பரம்பரையாக நாகஸ்வரம் செய்துவந்த ரங்கநாத ஆசாரியோடு கலந்து, குழலை நீட்டி, இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதிக்கு இறங்கிய பாரி நாயனத்தைப் பிரசாரத்துக்குக் கொண்டுவந்தார். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல்லாண்டு காய்ந்து ஈரம் முற்றும் போன ஆச்சா மரத்தைக் கடைந்து உலவு என்னும் குழலைச் செய்து, அதற்கு அணைசு என்னும் அடிப்பகுதியைப் பொருத்துவது நரசிங்கம்பேட்டை ஆசாரிகளின் தொழில். காவிரிக் கரையில் விளையும் நாணலைப் பக்குவப்படுத்திச் சீவாளி கட்டுவது திருவாவடுதுறைக்காரர்களின் தொழில். இரண்டு ஊர்களும் சில மைல் தூரத்துக்குள் அமைந்தவை. வித்வானும் ஆசாரியும் சீவாளிக்காரரும் நடந்தே சென்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூடிய அந்த நெருக்கம் இல்லாதிருந்தால், இந்த மாறுதல் இவ்வளவு செவ்வையாக நடந்திருக்குமா என்பது சந்தேகமே. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ஆம் வருஷம் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமையில் ராஜரத்தினம் பிள்ளைக்கும் ஒரு பங்கு உண்டு. ஒத்து என்ற ஊதுகுழல் விடாமல் சுருதி கொடுத்துவந்த இடத்தில் தம்புராவையும் சுருதிப் பெட்டியையும் வைத்துக்கொண்டதும் அவர் செய்த மாறுதலே. வீதிக்காகப் பிறந்த வாத்தியம் இவ்வாறு உட்கார்ந்து கேட்கும் சபைக்கு ஏற்றதாயிற்று. சபைக்கு ஏற்றதான வாத்தியம் ஒலிப்பதிவு அறைக்கும் ஏற்றதாயிற்று.

இனி, தட்டின் கதைக்கு வருவோம். கெய்ஸ்பர்க் என்ற ஒலிப்பதிவு நிபுணர் 1902-ஆம் வருஷம் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் என்ற பாடகியின் குரலைப் பதிவு செய்ததிலிருந்து நம் தேசத்தில் இந்த வியாபாரம் வேரூன்றியது. 1908-ல் கல்கத்தா ஸியால்தாவில் தட்டு அச்சிடும் தொழிற்சாலை ஏற்பட்டது. தட்டுக்கு மூலப்பொருளான அரக்கு, நம் நாட்டுக் காடுகளில் ஒரு சிறு பூச்சி கக்கும் பிசின். உலகம் முழுவதும் சுழன்ற தட்டுகளுக்கு அதைப் பெரும்பாலும் நாமே அனுப்பி வந்தோம். ஆரம்பத்தில் பாடகர்கள் ஒரு பெரிய தகரப் புனலுக்குள் தலையை நீட்டிக்கொண்டு கத்த வேண்டியிருந்தது. 1925-ஆம் வருஷத்தையொட்டி மைக்ரோபோனும் மின்சாரப் பதிவும் வந்த பின்புதான் மெல்லிய சுருதி பேதங்களும், நெரிசலான கமகங்களும் ஓரளவு உள்ளபடியே தட்டில் ஏறத் தொடங்கின. தமிழ்நாட்டில் அந்த முப்பதுகளில் தட்டு விற்பனை வெள்ளம்போலப் பெருகியது. ஏ. வி. மெய்யப்ப செட்டியார் 1932-ல் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி ஓடியன் தட்டுகளை வெளியிட்டார், கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் நாடக மேடையிலிருந்து தட்டுக்கு வந்தார்கள். முசிரி சுப்பிரமணிய ஐயரின் 'நகுமோமு' வீட்டுக்கு வீடு ஒலித்தது.

இந்தத் தட்டுகளையெல்லாம் பார்த்தால் ஒரு விஷயம் புலனாகும். விற்றவை பெரும்பாலும் பாட்டுகள். பாட்டுக்குச் சாஹித்யம் உண்டு. கேட்பவன் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மெட்டுக்குள் இறங்கிவிடலாம். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற வரம்பு இருப்பதால் மூன்றே கால் நிமிஷத்துக்குள் சுருக்கிக்கொள்ளவும் முடியும். ராக ஆலாபனைக்கோ வார்த்தையும் இல்லை, தாளமும் இல்லை, வரம்பும் இல்லை. அது வித்வானின் கற்பனை எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் போவது. அதைத் தட்டில் கொடுத்து விலைக்கு விற்பது என்பது வியாபாரத் துணிச்சல் மாத்திரமன்று, சங்கீதத் துணிச்சலும் ஆகும். ராஜரத்தினம் பிள்ளை வாசித்து, கொலம்பியா கம்பெனி வெளியிட்ட தோடி ராக இசைத்தட்டு அந்தத் துணிச்சலின் விளைவு.

தோடி எட்டாவது மேளகர்த்தா. சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம் என்பன அதன் ஸ்வரங்கள். எழுதிக் காட்டினால் இவ்வளவுதான். ஆனால் அந்தக் காந்தாரத்தை எழுதியபடி நேராகப் பிடித்தால் தோடி வாராது. மேலும் கீழும் அசைத்து, ரிஷபத்தின் சாயலையும் மத்யமத்தின் சாயலையும் அதற்குள் கலந்து, ஓயாத ஓர் ஆட்டத்தில் நிறுத்தினால்தான் ராகம் முகம் காட்டும். ஏழு துளைகளையும் விரல்களால் பாதி மூடி, பாதி திறந்து, உதட்டால் சீவாளியை இறுக்கியும் தளர்த்தியும் இந்த அசைவை உண்டாக்குவது நாகஸ்வரத்தில் எவ்வளவு சிரமம் என்பதை அந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தவர்களே அறிவார்கள். அந்தச் சிரமத்தின் சுவடே தெரியாமல் வாசித்தார் என்பதுதான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது.

இரண்டாவதாகச் சொல்ல வேண்டியது காலத்தைப் பற்றியது. ஒரு தட்டின் இரண்டு புறங்களும் சேர்ந்தாலும் ஆறு, ஏழு நிமிஷத்துக்கு மேல் இராது. நடுவில் முள்ளைத் தூக்கித் தட்டைத் திருப்பிப் போட்டு, முள்ளையும் மாற்றி, பெட்டிக்குச் சாவி கொடுக்க வேண்டும். வீதியில் மூன்று மணி நேரம் தோடி வாசித்த மனிதர் இந்த வரம்புக்குள் என்ன செய்தார் என்பதைக் கவனித்துக் கேட்டால் வியப்புண்டாகிறது. அவர் அவசரப்படவில்லை. மூன்று மணி நேரத்து விஷயங்களையெல்லாம் ஏழு நிமிஷத்தில் திணிக்க முயலாமல், தோடியின் சில இடங்களை மாத்திரம் தேர்ந்துகொண்டு, அந்த இடங்களில் வீதியில் நின்றதைப் போலவே நின்றார். சட்டென்று மின்னும் பிருகா வருகிறது. அதன்பின் ஒரு நீண்ட கார்வை வருகிறது. அந்தக் கார்வையில் நின்று நிலைக்கும்போது, மேலே போக இன்னும் எவ்வளவோ இடம் இருக்கிறது என்ற எண்ணத்தை நமக்குள் எழுப்பிவிடுகிறார். சொன்னதைக் காட்டிலும் சொல்லாமல் விட்டதைக் கேட்பவன் தானே நிரப்பிக்கொள்ளுகிறான். விஸ்தாரத்தில் வல்லவர்கள் அநேகர் உண்டு. சுருக்கத்திலும் விஸ்தாரத்தின் உணர்ச்சியைத் தரவல்லவர் அபூர்வம். வருஷக் கணக்கில் பெரிய குளத்தில் நீந்தியவன் கிணற்றில் இறங்கினாலும் அவன் கைவீச்சில் குளம் தெரிவது போல, அந்தத் தட்டில் காவிரி நாட்டு இரவுகளின் நீளம் தெரிகிறது.

மேல்நாட்டிலும் இதற்கு ஒப்பாகச் சொல்லத்தக்க ஒரு கட்டம் பிற்காலத்தில் வந்தது. மின்சாரக் கிடார் வாசித்த ராக் வித்வான்கள் தாம் சேர்ந்திருந்த கோஷ்டியை விட்டு வெளியே வந்து, தங்கள் பெயரிலேயே தனி ஆல்பங்கள் வெளியிடலானார்கள். அதுவரையில் பாடகனுக்குப் பின்னால் நின்ற வாத்தியம் பாடகனே இல்லாமல் முன்னே வந்து நின்றது. ஜெஃப் பெக் என்ற ஆங்கிலேயர் 1975-ல் 'ப்ளோ பை ப்ளோ' என்ற ஆல்பத்தைப் பாட்டே இல்லாமல் கிடாரை மாத்திரம் நம்பி வெளியிட்டபோது, அது பெரும் வெற்றி பெற்றது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1969-ஆம் வருஷம் ஆகஸ்டு 18-ஆம் தேதி வுட்ஸ்டாக் விழாவில் அமெரிக்க தேசிய கீதத்தை வார்த்தையின்றிக் கிடாரிலேயே இழைத்ததை அந்நாட்டார் இன்றும் பேசுகிறார்கள். இவர்களைத் தாழ்த்திப் பேசுவது என் நோக்கமன்று. வாத்தியத்தைக் குரலாக்கிய எல்லாரும் ஒரு குலத்தினரே. ஆயினும் அவர்களுக்கு ஒரு பக்கத்தில் இருபது நிமிஷத்துக்கு மேல் தாங்கும் நீண்ட தட்டு வாய்த்திருந்தது. வேண்டிய இடத்தில் வெட்டி ஒட்டவும், ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியவும் வசதி இருந்தது. நம் வித்வானுக்கோ ஒரே மூச்சில் தொடங்கி ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய மெழுகுத் தகடு. ஒரு விரல் பிசகினால் அந்தத் தகடு வீண். மறுபடியும் முதலிலிருந்து வாசிக்க வேண்டியதுதான்.

தேசத்தின் பெரும் தருணம் ஒன்றில் வாத்தியம் பேசியது என்பதும் ராஜரத்தினம் பிள்ளைக்குப் பொருந்தும், அதுவும் வுட்ஸ்டாக்குக்கு இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பே. 1947-ஆம் வருஷம் ஆகஸ்டு 14-ஆம் தேதி, சுதந்திரத்துக்கு முந்திய மாலையில், திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் செங்கோல் ஏந்தி டில்லியில் ஜவாஹர்லால் நேருவின் இல்லத்துக்குச் சென்றவர்களோடு ராஜரத்தினம் பிள்ளையும் நாகஸ்வரம் வாசித்துக்கொண்டு சென்றார். பந்தலின் மூலையில் நிறுத்தப்பட்ட வாத்தியம் அன்று தேசத்தின் வாசலில் ஒலித்தது.

தட்டு செய்த காரியங்களில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. நாகஸ்வரம் எல்லோருக்கும் பொதுவானது, வீதியில் ஒலிப்பது, காசு கொடுக்காமல் கேட்கக்கூடியது என்று நாம் பெருமையாகச் சொல்லுகிறோம். அது முழு உண்மையன்று. ஸ்வாமி சுற்றி வந்த நான்கு வீதிகளிலும் எல்லோரும் நிற்க முடிந்ததில்லை. தஞ்சைப் பெரிய கோயில் உள்ளிட்ட அரண்மனை தேவஸ்தானக் கோயில்கள் 1939-ல் திறந்துவிடப்படும் வரையில், அந்த நாட்டு வயல்களில் நாற்றுப் பறித்து நட்டு அறுத்த ஜனங்களில் பெரும்பகுதியார் கோயிலுக்குள் நுழைய முடியாது. அதற்குப் பின்னும் பல கிராமங்களில் சேரி இருந்த இடம் வாய்க்காலுக்கு அப்பால். அந்தத் தோடி அவர்களுக்குத் தூரத்து ஒலியாகவே இருந்தது. தட்டுக்கு அந்த வாய்க்கால் ஒரு தடையன்று. கடைத்தெருவில் சுழன்ற தட்டும், கல்யாணத்துக்கு வாடகைக்கு வந்த ஒலிபெருக்கியும், திருச்சி வானொலி நிலையம் 1939-ஆம் வருஷம் மே மாதம் தொடங்கிய பின் வந்த ஒலிபரப்பும், யார் கேட்கிறார்கள் என்று விசாரியாமல் எல்லோர் காதிலும் அதே ராகத்தை ஊற்றின. மேளம் வைக்க வசதியில்லாத வீட்டுக் கல்யாணத்தில் நாகஸ்வரத் தட்டைப் போட்டுத் தாலி கட்டியதும் உண்டு. இதைச் சங்கீதத்தின் சீரழிவு என்று வருந்தியவர்கள் இருந்தார்கள். அப்படி வருந்தியவர்களுக்கு நான்கு வீதியிலும் இடம் இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

தட்டு கடலையும் கடந்தது. தஞ்சை வித்வான்கள் தொன்றுதொட்டுப் போய் வந்த யாழ்ப்பாணத்துக் கோயில் நாட்டிலும், மலாயாவின் தமிழர் வீடுகளிலும் திருவாவடுதுறையின் தோடி பழகிய குரலாயிற்று. வித்வான்களிடத்தில் அது உண்டாக்கிய விளைவு இன்னும் ஆழமானது. செம்மங்குடி ஸ்ரீனிவாசையரும் ஜி. என். பாலசுப்பிரமணியமும் நாகஸ்வர வாசிப்பிலிருந்து தாங்கள் பெற்றதை மறைத்தவர்களல்லர்; முன்பு நேரில் கேட்டவர்கள் மாத்திரம் அடைந்த அந்தப் பயன், தட்டு வந்தபின் திரும்பத் திரும்ப முள்ளை வைத்துக் கேட்டு ஆராயக்கூடியதாயிற்று. ஆந்திர தேசத்தில் கரவதி என்ற ஊரில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா ராஜரத்தினம் பிள்ளையின் இசையில் மனத்தைப் பறிகொடுத்து, தஞ்சாவூர் பாணியே தம் பாணியாக வேண்டும் என்று வந்து, நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்று, ஸ்ரீரங்கத்திலேயே குடியேறிவிட்டார். மொழி வேறு, மதம் வேறு, ராகம் ஒன்று. நேரே சிஷ்யராக வாய்த்தவர்களில் தலைசிறந்தவர் திருநெல்வேலிச் சீமைக் காருகுறிச்சி அருணாசலம். குருவோடு கூடவே நின்று வாசித்துக் கற்ற அவர், 1962-ல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு தம் நாகஸ்வரத்தை இழைத்துத் தந்த 'சிங்கார வேலனே' பாட்டு, தட்டு வழியாகத் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் சென்றது. தட்டில் நாகஸ்வரத்தைக் கேட்கத் தமிழரின் காதைப் பழக்கிவைத்தவர் குரு. அந்தப் பழக்கத்தின் பலனைச் சிஷ்யர் அறுவடை செய்தார்.

இவ்வளவும் லாபக் கணக்கு. நஷ்டக் கணக்கையும் எழுதாவிட்டால் சரித்திரம் எழுதியதாகாது. மல்லாரியின் கம்பீரம் தட்டில் முழுமையாக ஏறவில்லை. ரக்தி ஏறவே வழியில்லை. தவிலோடு நாகஸ்வரம் நடத்தும் அந்த நீண்ட சம்பாஷணை, நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற லயப் பிரம்மங்கள் வித்வானைச் சீண்டியும் தாங்கியும் இரவு முழுவதும் நடத்திச் சென்ற வித்தை, மூன்றே கால் நிமிஷத்துக்குள் அடங்குவதற்குரியதன்று. ஆகவே தட்டு மூலமாக நாகஸ்வரத்தை அறிந்த தலைமுறை, அதைத் தனித்து நின்று பாடும் ஒரு குரலாகவே அறிந்தது. தவில்காரரையும், ஒத்து ஊதியவரையும், தாளம் போட்ட சிறுவனையும் உள்ளிட்ட ஒரு குடும்பத்தின் கூட்டுத் தொழிலாக அதை அறியவில்லை. ராஜரத்தினம் பிள்ளையின் புகழ் ஓங்கிய அளவுக்கு அவரோடு உட்கார்ந்தவர்களின் பெயர் மங்கிப்போனதற்குத் தட்டின் மீது ஒட்டிய அந்தச் சிறிய வட்டக் காகிதமும் ஒரு காரணம். அதில் ஒருவர் பெயருக்கே இடம் இருந்தது. நஷ்டம் பெரியதுதான். ஆனாலும், இரண்டையும் தராசில் வைத்தால், ஒன்றுமே மிஞ்சாமற்போன மன்னார்குடியாரின் காலத்தை எண்ணிப் பார்த்து, கிடைத்த ஏழு நிமிஷத்துக்காக நன்றியே செலுத்துகிறேன்.

எஞ்சிய விவரங்களைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். 1940-ல் எல்லிஸ் ஆர். டங்கன் டைரக்ட் செய்த 'காளமேகம்' படத்தில் ராஜரத்தினம் பிள்ளை கவி காளமேகமாக நடித்தார். நடிப்பு அவருடைய துறையன்று என்பதை அப்படம் தெளிவாக்கியது. நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்ற பட்டம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1955-ஆம் வருஷத்துக்குரிய சங்கீத நாடக அகாடமி விருதைப் பெற்றார். அடுத்த வருஷம், 1956 டிசம்பர் 12-ஆம் தேதி, தமது ஐம்பத்தெட்டாம் வயதில் காலமானார். அச்சமயம் மேல்நாட்டில் நீண்ட தட்டு வந்து எட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. இன்னும் பத்து வருஷம் அவர் இருந்திருந்தால், ஒரு முழு இரவின் தோடி இல்லாவிட்டாலும் ஒரு முழு மணி நேரத்துத் தோடியை அவரே நினைத்து, அவரே வகுத்து, ஓர் ஆல்பமாக நமக்குக் கொடுத்துப் போயிருக்கக்கூடும். அந்த வருத்தம் எனக்குத் தீரவில்லை.

வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் பழைய வீடுகளில், பரண்களிலும் மரப் பெட்டிகளிலும் இத்தகைய அரக்குத் தட்டுகள் இன்றும் கிடக்கின்றன. வீட்டை இடிக்கும்போதும் பாகம் பிரிக்கும்போதும் அவை பழைய சாமான்காரரிடம் போய்விடுகின்றன. அவற்றைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், கனத்தினால் வளைந்து விரிந்துபோகும், நிறுத்தி வையுங்கள். வெயிலும் ஸ்பிரிட்டும் படவேண்டாம். அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். சுழற்றிப் பார்க்கும் ஆசையில் துருப்பிடித்த பழைய முள்ளை வைத்துவிடாதீர்கள், ஒரே தடவையில் பள்ளம் கீறிப்போகும். உங்களால் வைத்துக் காப்பாற்ற முடியாவிட்டால், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஸ்தாபனங்களுக்கு எழுதுங்கள். நாகஸ்வரத் தட்டாக இருந்து, அதன் வட்டக் காகிதத்தில் தவில் வாசித்தவரின் பெயரும் ஒருகால் அச்சாகியிருந்தால், அந்தப் பெயரையும் தட்டின் எண்ணையும் இத்தொடருக்கு எழுதி அனுப்புங்கள். காருகுறிச்சி அருணாசலத்தைப் பற்றிய அடுத்த அத்தியாயத்துக்குப் பின், தவில் வித்வான்களைப் பற்றி எழுத இருக்கிறேன்.